சிட்டுக்கு ஒரு வாசல், எலிக்கு இரண்டு

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு அம்மை போட்டிருக்கிறது. அம்மா பார்த்துச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அம்மா சொன்னபிறகு அம்மையே வந்து மறுத்தாலும் எடுபடாது.

காலையில் கையை நீட்டிக் காட்டினேன். முழங்கையிலிருந்து தோள்வரை சிவப்புத் தடிப்பு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீழ்ப்பொட்டு. கழுத்தில் நாலைந்து, வயிற்றில் ஒரு கூட்டம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என் கையைக் கும்பிட்டாள். இத்தனை வருடமாக அதே கையைப் பிடித்து முறுக்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

கொஞ்ச நேரத்தில் கேட்டில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. அப்பா இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மோட்டார் காயில் கட்டும் கடை, மேலே ஒரு அறை இருக்கிறது. அம்மை இறங்கும்வரை ஜாகை அங்கேதான். வீட்டில் தாளிக்கக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. அம்மா மட்டும் வெடிக்கலாம். கண்ணில் முத்து இறங்கிவிடும் என்று என் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டாள். இந்தப் பொட்டுகளை மரியாதையாக முத்து என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் இன்றைய நிலவரப்படி இந்தத் தெருவிலேயே பெரிய பணக்காரி நான்தான்.

வியாழக்கிழமை அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அம்மை போட்ட வீட்டில் நல்ல காரியம் கிடையாது, யாரும் உள்ளே வர மாட்டார்கள். ஆக, நிச்சயம் இனி நிச்சயமில்லை. நான் என்ன செய்வேன், பாவம், சின்னப் பிள்ளை, உடம்புக்கு முடியவில்லை.

பக்கத்துக் காலி மனையில் இருக்கும் கொள்ளி எறும்புப் புற்றைப் பற்றி இந்த நோட்டில் நான் எதுவும் எழுதப்போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

என் பெயர் அங்கயற்கண்ணி. வீட்டில் அங்கு. ஒன்பதாம் வகுப்பு. கண்ணி என்றால் பொறி என்றும் பொருள் உண்டு என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். இப்போது கண்ணியே பொறியில் கிடக்கிறாள்.

பொறியின் அளவு: ஒரு பாய், அதன்மேல் வேப்பிலை, அதன்மேல் நான். ஒரு கதவு, அதற்கு வெளியே அம்மா. ஒரு ஜன்னல், அதற்குக் கம்பி. குளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது. அரித்தால்கூடச் சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால் தடவிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தவரைக் கொள்ளி எறும்பு கடித்ததே இல்லை.

ஜன்னல் காலி மனையைப் பார்த்து இருக்கிறது. மனைக்காரர் எங்கேயோ வெளிநாட்டில். அவருக்குத் தெரியாமல் அப்பா மூலையில் ஒரு தேக்கு நட்டிருக்கிறார், என் உயரத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒரு தையல்சிட்டு குடியிருக்கிறது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு தேக்கிலையைச் சுருட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்திருக்கிறது. உள்ளே குஞ்சுகள். பொழுது சாய்ந்தால் தேக்குக்குக் கீழே கரிசல் வெடிப்பிலிருந்து இன்னொரு ஆள் எட்டிப் பார்ப்பார், வெள்ளெலியார். பெரிய கண், உடம்பைவிட நீளமான வால், நுனியில் மையில் தோய்த்ததுபோல் கறுப்புக் குஞ்சம். மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். இதுவரை சண்டை இல்லை.

தெருக்கோடி பாக்கியம் அத்தைதான் இந்த நிச்சயத்தைப் பேசி முடித்தவர், மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தி. அத்தை எங்களைப் பார்த்தால் சொல்வது ஒன்றுதான். "உனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒன்னு சிட்டு, ஒன்னு எலி." அக்கா சின்ன உருவம், நல்ல குரல், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாள். நான் அலமாரியில் தோண்டித் தின்பேன், கூப்பிட்டால் காணாமல் போவேன். போன பொங்கலுக்கு அத்தையின் போனில் கழுதை கத்துகிற சத்தத்தை ரிங்டோனாக வைத்தேன். கோயிலில் தீபாராதனை நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அன்றிலிருந்து எலி, வெறும் எலி இல்லை, எமன்.

மார்ச் 10, செவ்வாய்

கேழ்வரகுக் கூழ். நேற்றும் அதுதான். நாளைக்கும் கேள்வியே கிடையாது, கேழ்வரகுதான்.

மார்ச் 11, புதன்

மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அத்தை கேட்டுக்கு வெளியே நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி முடிந்தபிறகு வேறு நாள் பார்க்கலாமாம்.

நான் வேப்பிலையில் புரண்டு படுத்துக்கொண்டேன். முகத்தில் சந்தோஷம் தெரிந்தால் அது அம்மையின் அறிகுறி ஆகாது.

அக்காவின் பெயர் சௌந்தரவல்லி. ரயில் உதவி ஓட்டுநர் வேலைக்குப் பரீட்சை எழுதி எல்லாக் கட்டமும் தாண்டிவிட்டாள். மிச்சம் இருப்பது மருத்துவப் பரிசோதனை, வருகிற செவ்வாய், சென்னையில். ரிசல்ட் வந்த அன்று அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். அதற்கு மறுமாதம் இந்த வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, தங்கள் வீட்டு மருமகள் ரயில் ஓட்டித்தான் சோறு தின்ன வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, அதெல்லாம் உங்கள் விருப்பப்படிதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா கொடுத்த வாக்கும் அவர் கட்டின காயிலும் ஒன்று, பிரிக்க முடியாது.

அக்கா காலி தட்டை உள்ளே கொண்டுவந்து துடைத்தாள். அது துடைத்து வைத்திருந்த தட்டுதான். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நிச்சயம் முடிந்தால் அவள் அவர்கள் வீட்டுப் பெண், சென்னைப் பேச்சே எடுக்க முடியாது. முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். அம்மை என்பது எவ்வளவு நல்ல மனசுக்காரி, சரியான வாரம் பார்த்து வந்திருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு வீட்டில் மேளச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சிட்டுச் சத்தம்தான் கேட்கிறது.

இதை எழுதியே ஆக வேண்டும். சிட்டு என்றால் சாது என்று அத்தைக்கு யார் சொன்னது? அந்தத் தையல்சிட்டு இருக்கிற அளவுக்கு ஒரு ஊசிப்பட்டாசுதான் இருக்கும், ஆனால் விடிந்ததும் போடுகிற சத்தத்தில் தேக்கே ஆடுகிறது. வாலை நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு, சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டின ஆள்போல் நிற்கிறது. எலிதான் சாது. கால் பதிய ஓடுவதுகூடக் கிடையாது, தத்தித் தத்தி, ஓசையே இல்லாமல். வேறுபடுத்துக, ஐந்து மதிப்பெண் என்று தேர்வில் வந்தால், ஐந்தையும் அத்தை தலைகீழாக எழுதி முட்டை வாங்குவார்.

சாயங்காலம் விளக்கேற்றி அம்மனுக்குப் பாட்டுப் படிக்க வேண்டும், அது முறை. அக்காதான் படிக்கிறாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் மெதுவாக விசிறிக்கொண்டு. அவள் பாடினால் தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள்கூட நிற்பார்கள். தினமும் அந்த நேரத்துக்கு அப்பா இளநீரோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்று, பாட்டு முடிந்தபிறகு, "எப்படிருக்க தாயி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இன்றைக்குப் பாடி முடித்து, என் கைப்பொட்டுகளுக்கு அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். ஒவ்வொன்றுக்கும் ஊதி ஊதி. "வலிக்குதாடி?" என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். அது மட்டும் உண்மை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்துவிடும்.

மார்ச் 13, வெள்ளி

பெரிய தப்பு நடந்துவிட்டது.

அக்கா இன்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நிச்சயம்தான் தள்ளிப் போய்விட்டதே, திங்கள் வண்டியில் போய்ச் செவ்வாய் பரிசோதனையை முடித்துவிட்டு வந்துவிடட்டுமா, அப்பாவிடம் நீ சொல்கிறாயா என்று. அம்மா கூழ் கிண்டுவதை நிறுத்தவே இல்லை.

"மூணு தண்ணி ஊத்தாம வீட்டு ஆளு யாரும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுடி. தாண்டுனா அவளும் கூடவே வருவா. போற இடத்துல இருக்குற பிள்ளைகளுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

முதல் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது புதன். மூன்றாவது அதற்கும் அடுத்த ஞாயிறு. நடுவில் செவ்வாய்.

அம்மை வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் சங்கீர்த்தனா வீட்டில் அம்மை போட்டபோது கேட்டுக்கு வெளியே நின்று நோட்டுக் கொடுத்தவள் நான். அவர்கள் யாரும் வெளியே போகவும் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்போதும் வெளியே நின்றவள்.

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சரிம்மா என்றாள். பிறகு வந்து எனக்கு விசிறினாள்.

மார்ச் 13, அதே வெள்ளி, சாயங்காலம்

பாட்டு நடுவில் நின்றது. அப்பா கேட்டுக்கு அந்தப் பக்கம் இருமினார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். இலையெல்லாம் காய்ந்து முதுகில் குத்துகிறது.

மார்ச் 14, சனி

காலையில் இரண்டு நாய்கள் மனைக்குள் வந்து வெள்ளெலி வளையைத் தோண்ட ஆரம்பித்தன. மண் பின்னால் பறக்கிறது, மூக்கு உள்ளே, வால் வெளியே. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்திப் பார்த்தேன். அம்மை போட்ட பிள்ளை கத்தினால் அம்மா ஓடி வருவாள், நாய் ஓடாது. இன்றோடு எலி கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது நாய்களுக்குப் பின்னால், எட்டடி தள்ளி, ஒன்றுமே இல்லாத வெறும் தரையில் மண் ஒரு மூடிபோல் தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து வெள்ளெலி விட்ட அம்பாகப் பாய்ந்து வேலிக்குள் போய்விட்டது. நாய்கள் இன்னும் பழைய வாசலைத்தான் தோண்டிக்கொண்டிருந்தன.

எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டவில்லை. அங்கே ஓட்டை இருந்ததே இல்லை. நான் ஒரு வாரமாக அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலி உள்ளேயிருந்தே தோண்டிக்கொண்டு வந்து, மேலே ஒரு விரற்கடை மண்ணை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. நாய் வந்தபிறகு தோண்டினது இல்லை அது. வருவதற்கு முன்னாலேயே.

நான் ஒரே வாசல் வைத்துத் தோண்டினேன், அதற்குள் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அத்தை என்னை எலி என்பதை எலிகள் கேட்டால் மானநஷ்ட வழக்குப் போடும்.

நாளெல்லாம் யோசித்தேன். அக்காவுக்குத் தெரியாத வழி, அம்மாவுக்குத் தெரியாத வழி, அப்பாவுக்குத் தெரியாத வழி. எல்லா வழியிலும் நானே குறுக்கே படுத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் சிட்டு அலறியது. செம்போத்து ஒன்று தேக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. சிட்டின் கூடு ஒரு பை, வாய் மேலே திறந்திருக்கும், வேறு வழி கிடையாது. குஞ்சுகள் எங்கே போகும்? சிட்டு ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. செம்போத்தின் முகத்துக்கு நேரே போய்க் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு வேலியிலிருந்து தவிட்டுக்குருவிகள் வந்தன, கரிச்சான் ஒன்று வந்தது, ஒரு அணில்கூட வந்து தன் பங்குக்கு வைதது. கொஞ்ச நேரத்தில் செம்போத்து, தன் கௌரவத்துக்கு இது ஒத்துவராது என்பதுபோல், கீழே இறங்கி நடந்தே போய்விட்டது.

எலிக்கு வழி இருக்கிறது, அதனால் சத்தம் போடாது. சிட்டுக்கு வழி இல்லை. அதற்கு இருப்பது சத்தம் ஒன்றுதான்.

பத்து மணிக்கு முதல் தண்ணீர். வெயிலில் வைத்து வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டா. அம்மா என்னைக் கொல்லையில் மணையில் உட்கார வைத்தாள். அவள் இந்த ஒரு வாரமாகத் தரையில் படுக்கிறாள், செருப்புப் போடவில்லை, என்னைவிடக் குறைவாகக் கூழ் குடிக்கிறாள். பங்குனித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன், பிள்ளையைக் குளிர வை என்று வேண்டியிருக்கிறாள். முதல் சொம்பைத் தலைக்கு மேலே தூக்கிக் கண்ணை மூடி முணுமுணுத்தாள். குனிந்தபோது அவள் பாதம் தெரிந்தது. குதிகாலில் வெடிப்பு, அதில் கொல்லை மண்.

சொல்லிவிட்டேன். எறும்புப் புற்றில் கையை வைத்தது, பள்ளிச் சட்டையைப் புற்றின்மேல் விரித்துப் பிறகு போட்டுக்கொண்டது, எதற்காக என்பது, எல்லாமே. ஒரே மூச்சில், முட்டியைப் பார்த்துக்கொண்டு.

சொம்பு மேலேயே நின்றது. தண்ணீர் விழவில்லை. நான் அடிக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழுந்தது, வேப்பங்கொத்தால், முதுகில், மூன்று. அதற்குப் பிறகு தண்ணீர் விழுந்தது. அண்டாவில் இருந்த முழுத் தண்ணீரையும், சொம்பு சொம்பாக ஊற்றினாள்.

பிறகு துண்டால் என் தலையை அழுத்தித் துவட்டினாள். முகம் தெரியாததால் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது. மிச்சம் இரண்டு தண்ணீர் வேண்டாம்தானே, அதுதான் அம்மை வரவில்லையே என்று.

துண்டு நின்றது.

"அவ வரலைன்னு நீ எப்படிடி சொல்லுவ? உங்கப்பா குடுத்த வாக்க இந்த ஊர்ல யாரு நிப்பாட்டுனா? நானா, நீயா? எறும்பு மேல ஏறி வந்தாளோ என்னமோ."

துண்டை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு தண்ணியும் ஊத்துவேன். தீச்சட்டி மட்டும் நான் எடுக்கல. நீ எடுக்குற."

அக்காவைக் கூப்பிட்டாள். அவள் வந்து, ஈரத்தோடு நின்ற என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா இரண்டே வரியில் சொன்னாள். அக்கா என் கையைப் பிடித்துப் பொட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக ஊதி மருந்து போட்டவள். "லூசு" என்றாள், குரலே இல்லாமல். பிறகு என் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள்.

அக்கா நாளைக்குச் சென்னை போகலாம், ஆனால் அப்பாவிடம் சொல்லக் கூடாது. அது அம்மாவின் தீர்ப்பு. சொன்னால் வாக்குக் கொடுத்தவர் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அவர்மேல் குற்றம் இல்லை.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம், தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். அக்கா கொல்லைச் சுவரில் இடிந்த பகுதி வழியாகக் காலி மனையில் இறங்கினாள். தோளில் என் பள்ளிக்கூடப் பை. புளிச்சோறு, சான்றிதழ்கள், ஒரு செட் துணி. அம்மா நெற்றியில் திருநீறு பூசி, எல்லையில் திரும்பிப் பார்க்காதே என்றாள். அவள் தேக்கைக் கடந்தபோது சிட்டு அவளையும் வைதது. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. வேலியைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னல் கம்பி வழியாக அவ்வளவுதான் தெரியும்.

பிறகு வீடு எனக்குப் பெரிசாகிவிட்டது. அறை மட்டும் அதே அளவு. அக்கா புதன் காலையில்தான் திரும்புவாள். அதுவரை நான் அம்மை போட்ட பிள்ளை, வெளியே தலை காட்ட முடியாது. ஒரு வாரமாக இந்தப் பாயிலிருந்து எழுந்து ஓட வழி தேடியவள், இன்று யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு அதே பாயில் ஒட்டிக் கிடந்தேன்.

சாயங்காலம் வந்தது. விளக்கேற்றியாயிற்று. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. பாட்டு.

பாட்டு இல்லாவிட்டால் அப்பா கேட்பார். பாக்கியம் அத்தை வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே தினமும் கேட்கிறவர், அவரும் கேட்பார். அம்மா பாடினால் வயசு தெரிந்துவிடும். அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் பாடினேன். என் குரல் எப்படி என்றால், பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இழுக்கும் இடத்தில் இழுத்தேன், குழையும் இடத்தில் குழைந்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. கேட் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அம்மா என் முழங்காலை அழுத்தினாள், நிறுத்தாதே என்று. கடைசி வரிவரை போனேன். வியர்வையில் மஞ்சள் கண்ணுக்குள் இறங்கியது.



அப்பா வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. கேட்டில் கட்டியிருந்த வேப்பிலை உரசும் சத்தம் மட்டும் வந்தது. உள்ளே வரப்போகிறார் என்று நினைத்தேன். வந்தால் வீட்டில் மொத்தமே மூன்று அறைதான், எல்லாவற்றையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அம்மா எழுந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் ஓரமாக நகர்ந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் தலை குனிந்து, ஒரு கையில் இளநீர், இன்னொரு கை கேட்டின் கொண்டியில்.

கொண்டியிலிருந்து கையை எடுத்தார். இளநீரைக் கீழே வைத்தார்.

"சாப்பாடு கட்டிக் குடுத்தியா?" என்றார் அம்மாவிடம்.

"ம்."

தெருக்கோடியில் பாக்கியம் அத்தை வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கும் நீதான் பாடணுமா தாயி?"

"ஆமாப்பா."

"மெதுவாப் பாடு. தெருவுக்குக் கேக்குது."